ஃபெராரி வம்சத்து வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

திருச்சுழியில் உட்கார்ந்துகொண்டு பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அமெரிக்க ஏலங்களை மறந்துவிட வேண்டும். 2018 ஆகஸ்டில் மான்டரேயில் 1962ஆம் வருடத்து ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உலகத்திலேயே மொத்தம் 36தான் செய்தார்கள். அதில் ஒன்று குண்டாற்றுப் பாலத்தைக் கடக்கும் நாள் வரப்போவதில்லை. உங்களுக்கென்று விதிக்கப்பட்ட இத்தாலிய வண்டி நரிக்குடிப் பக்கம் ஏதோ ஒரு பருத்திக் கிட்டங்கியில், டயர் கழற்றப்பட்டு, செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது. பின்சீட்டில் கோழி அடைகாக்கிறது. பானெட்டுக்குள்ளிருந்து சீமைக்கருவேலம் எட்டிப் பார்க்கிறது. அதன் பெயர் ஃபியட் 1100. கொஞ்சம் பிந்திப் பிறந்திருந்தால் பிரீமியர் பத்மினி.

“இது எப்படி மாப்ள ஸ்போர்ட்ஸ் காரு?” என்று மைத்துனர் கேட்பார். எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. கோபப்படாமல் வம்சாவளியைச் சொல்லுங்கள். 1939இல் ஆல்ஃபா ரோமியோவிலிருந்து வெளியே வந்த என்ஸோ ஃபெராரி, நான்கு வருடத்துக்குத் தன் பெயரில் பந்தய வண்டி இறக்கக் கூடாது என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர். ஆகவே தன் முதல் வண்டியை, நம் ஊர் வழக்கப்படி சொன்னால், பினாமியாகச் செய்தார். 815 என்று எண் மட்டும் வைத்தார். அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு ஃபியட் 1100இன் நான்கு சிலிண்டர் ஹெட்டுகள் இரண்டை வரிசையாக வைத்துப் பூட்டினார்கள். அந்த 1100 எஞ்சின் டான்டே ஜியகோசா 1937இல் கொண்டுவந்த காரில் இருந்தது: 1089 சி.சி., போர் 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75. பம்பாய் குர்லாவில் செய்த பத்மினியின் எஞ்சினை அளந்தாலும் இதே 68, இதே 75.

மைத்துனர் இதற்கும் மசியாவிட்டால் சிசிடாலியாவை இறக்குங்கள். சிசிடாலியா 202 என்ற காரின் அழகைப் பார்த்து நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1951இலேயே அதைக் கண்காட்சியில் நிறுத்தியது. பிறகு ஒன்றைச் சேகரிப்பிலும் சேர்த்துக்கொண்டது. அதற்குள்ளும் ஃபியட்டின் 1089 சி.சி.தான். சுமார் 40 குதிரைத்திறன் கொண்ட நம் ஊர் ஃபியட்டைப் போல ஒரு வண்டிக்கு இவ்வளவு பெரிய சொந்தபந்தம் வேறெங்கும் கிடையாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது வண்டியைப் பார்க்கக் கூடாது. கருவேல மரத்தை விலைபேச வந்தவரைப் போல நில்லுங்கள். மூட்டம் போட்டால் எத்தனை மூட்டை கரி தேறும் என்று கேளுங்கள். கிளம்பும்போது, “இந்தத் தகரத்தை ஏன் அண்ணாச்சி இன்னும் வச்சிருக்கீங்க?” என்று போகிற போக்கில் கேட்டால் போதும். இத்தாலி என்ற சொல் வாயில் வந்தால் விலை இரண்டு மடங்கு. ‘கிளாசிக்’ என்றால் வெளிநாட்டில் இருக்கும் மகனைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பார்; அந்த மகன் அன்று ராத்திரியே இணையத்தில் விலை பார்த்துவிடுவான்.

இனி பூர்வீகம். மாரனெல்லோவில் ஃபெராரி கம்பெனியே இதற்கென்று ஒரு பிரிவு வைத்து, பழைய ஏடுகளைப் புரட்டி, எஞ்சினும் கியர்பாக்ஸும் பிறந்தபோது இருந்தவைதானா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறது. உலகமே அதை வியக்கிறது. திருச்சுழிக்காரர் வியக்க வேண்டியதில்லை. முக்கால் ஏக்கர் கரிசலுக்கு மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, அடங்கல் என்று மூன்று தலைமுறை அலைந்த ஊர் இது. அந்த மூளையைக் காரின் பக்கம் திருப்பினால் போதும்.

நம்பர் பிளேட்டில் தொடங்குங்கள். எம் என்று தொடங்கினால் மதராஸ் மாநிலக் காலம். டி என்று தொடங்கினால் 1969இல் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகு. டி.என். 67 என்று இருந்தால் 1989க்குப் பிறகு விருதுநகரில் பதிந்தது. வண்டி அதைவிடக் கிழடாகத் தெரிந்தால் நடுவில் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. அந்தக் கதையைத் தேடி ஆபீஸ் ஏறும்போது, 1985 மார்ச்சுக்கு முன்னால் திருச்சுழி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் அப்போது எங்கே இருந்தது? மதுரையில். ஆகவே விருதுநகரில் கேட்டால் ராமநாதபுரம் என்பார்கள், ராமநாதபுரத்தில் மதுரை என்பார்கள், மதுரையில் உங்கள் ஊர் இப்போது விருதுநகர்தானே என்பார்கள். திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர், ‘நான் யார்’ என்ற கேள்வியோடு திருவண்ணாமலைக்குப் போனார். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் தேவைப்படவில்லை.

காகிதம் கைவிட்டால் சாட்சி. டீக்கடையில் வண்டியின் படத்தைக் காட்டுங்கள். “இது டாக்டர் வண்டில்ல தம்பி” என்பார் முதலாமவர். எந்த ஃபியட்டுக்கும் இதே பதில் வரும். விற்கப்பட்ட ஃபியட்டெல்லாம் டாக்டர்கள் வாங்கியிருந்தால் இந்த வட்டாரத்தில் நோயாளியே மிஞ்சியிருக்க மாட்டார். இரண்டாமவர், இதில்தான் காமராசர் ஏறினார் என்பார். நாற்பது வயதுக்காரர் சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டாம். நம்பத்தக்க சாட்சி ஒருவர்தான்: பழைய டிரைவர். அவர் முதலாளியைப் பற்றிப் பேச மாட்டார். கதவு முன்பக்கமாகத் திறந்ததா, பின்பக்கமாகத் திறந்ததா என்று சொல்வார். அது போதும். முன்கதவு பின்பக்கக் கீலில் தொங்கினால் 1964க்கு முந்திய 1100. கீல் முன்னுக்கு வந்து முகமும் மாறியிருந்தால் 1964க்குப் பிந்திய டிலைட். பத்மினி என்ற பெயர் 1974இல்தான் வந்தது. இத்தாலி 1966இல் கைகழுவிய அந்த உருவத்தை நாம் நூற்றாண்டின் கடைசி வரை விடவில்லை.

ஆர்.சி. புக்கில் கடனைக் காட்டும் எச்.பி. குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியே தன் ஃபியட்டை பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கித்தான் எடுத்தார். 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகு மனைவி லலிதா தன் பென்ஷனிலிருந்து அந்தக் கடனை அடைத்தார். அவர் அடைத்தார் என்பதற்காக உங்கள் வண்டியின் பழைய சொந்தக்காரரும் அடைத்திருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்து எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர். எமரித் தாளால் துருவைத் தேய்த்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் எண் எழும்பும். எழும்பிய எண் புத்தகத்தோடு ஒத்துப்போனால் நீங்கள் பெரும் புண்ணியம் செய்தவர். பெரும்பாலும் ஒத்துப்போகாது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே டீசல் எஞ்சின் இருக்கும். டிக்கியில் கேஸ் சிலிண்டர் வைத்த வடு இருக்கும். அசல் எஞ்சின் எங்கே என்று கேட்டால் சொந்தக்காரர் பார்வையைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பழுது பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாமான் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும்; கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். பட்டி பார்க்கும்போது மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள். கண்ணை எடுத்தால் தகரத்தைவிடப் பட்டி கனத்துவிடும்.

வண்டி ஓடும். பிறகு நிற்கும். சித்திரை வெயிலில், அருப்புக்கோட்டைச் சாலையில், நிழலே இல்லாத இடமாகப் பார்த்து நிற்கும். ரேடியேட்டர் மூடியைத் துணியால்கூடத் தொடாமல் ஒதுங்கி நின்று, கூட வந்தவர்களுக்குச் சரித்திரம் சொல்லுங்கள். 1940 ஏப்ரலில் பிரெஷியா பந்தயத்தில் இரண்டு 815கள் ஓடின. ஒன்றை ஓட்டியவர் பிற்காலத்தில் உலகச் சாம்பியனான அல்பெர்த்தோ அஸ்காரி. இரண்டுமே பாதியில் நின்றன. அவற்றில் ஒன்று பிற்பாடு பழைய இரும்புக்குப் போனது. ஆக, வழியில் நிற்பது பரம்பரைக் குணம். மைத்துனர் அப்போதுதான் புல்லட்டில் உங்களைத் தாண்டிப் போவார்.

கடைசியாக, பதிவு. 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத காரை வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று இரண்டு எழுத்து வரும். டீசல் ஏற்றியவர்கள் இந்த வரிசையில் நிற்க வேண்டாம். பதிந்தபின் அன்றாடச் சவாரிக்கோ வாடகைக்கோ எடுக்கக் கூடாது; கண்காட்சிக்கும் ரேலிக்கும் போகலாம், வேலை பார்க்கவும் பெட்ரோல் போடவும் போகலாம். வைகாசி பிறந்ததும் சித்தப்பா வருவார். “மாப்பிள்ளை அழைப்புக்கு உன் காருதாம்ப்பா, பூவெல்லாம் சொல்லியாச்சு” என்பார். அவரிடம் விதியைப் படித்துக் காட்டிப் பயனில்லை. பெட்ரோல் பங்குக்கு எதிரில் இருக்கிற மண்டபமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.