குளிரில் வேர்த்த கொம்பியூட்டர்

ஹட்டனில் இருந்துகொண்டு "கொம்பியூட்டர் சூடாகிறது" என்று சொன்னால், சொன்னவனுக்குத்தான் காய்ச்சல் என்று நினைப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். மார்கழிக் காலையில் பைப்பைத் திறந்து முகம் கழுவுவதற்கே தனித் துணிச்சல் வேண்டும். அதனால் என் கொம்பியூட்டர் இழுத்து இழுத்து ஓடத் தொடங்கியபோது வைரஸ், வோல்ட்டேஜ், கண்ணூறு என்று எல்லாவற்றின் மீதும் பழி விழுந்தது. சூட்டின் மீது மட்டும் கடைசிவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2009இல் வாங்கிய மெஷின். கோர் டூ டுவோ ப்ரொசசர், ஜி31 மதர்போர்ட், 2 ஜிபி ரேம். டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் இதைவிட வேகமான மெஷின் கிடையாது என்று விற்றவர் சொன்னார். போய்ப் பார்த்து வந்து மறுத்தவர் யாருமில்லை.

"இதத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்குங்க சேர்" என்று சொல்லாத ஆளில்லை. சொல்வது சுலபம். பள்ளிக்கூட நேரம் போக நான் செய்கிற வேலை நோட்டீஸ் அடிப்பது. மாரியம்மன் கோயில் திருவிழா, மாசியில் காமன் கூத்து, கல்யாணம், கருமாதி என்று சுற்றுவட்டத் தோட்டங்களின் நல்லது கெட்டது எல்லாம் இந்த மெஷினுக்குள்தான் இருக்கிறது. எல்லாம் பேஜ்மேக்கர் 7இல் செய்தவை. 2001இல் வந்தது. அதற்குப் பிறகு அடோபிக்காரர்கள் அடுத்த பதிப்பே போடவில்லை. எழுத்து பாமினி. பாமினி இல்லாத மெஷினில் அந்த ஃபைலைத் திறந்தால் அம்மனே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் காட்சி கொடுப்பாள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் கைகழுவிவிட்டது. நாங்கள் கழுவவில்லை.

போதாக்குறைக்கு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். 200 ரூபாவுக்குப் பக்கத்தில் நின்ற டொலர் இரண்டொரு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. புது மெஷின் விலையைக் கேட்டுவிட்டு, கடைக்காரருக்கு நன்றி சொல்லி, ஒரு மவுஸ் பேட் மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் இந்த ஊரில் உண்டு. சாமானை ஒவ்வொன்றாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இழுவை எப்படி என்று சொல்ல வேண்டும். பேஜ்மேக்கரில் பக்கத்தைத் திறந்தால் முதலில் பூ போர்டர் வரும். பிறகு அம்மன் படம் மேலிருந்து கீழே இறங்கும். கிரீடம் வரும், நிற்கும். நெற்றி வரும், நிற்கும். ஒருநாள் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் மூக்குத்தி தெரிந்தவுடன் எழுந்து கும்பிட்டார். திருநீறு கேட்காததுதான் குறை.

முதல் வைத்தியம் ரேம். டவுனில் போன் திருத்துகிற தம்பி வந்து பார்த்து, "ரேம் பத்தல சேர்" என்றான். 4 ஜிபி ஆக்கினோம். விண்டோஸ் எடுத்துக்கொண்டதோ 3.2 ஜிபி சொச்சம். மீதி எங்கே? 32 பிட் விண்டோஸுக்கு எண்ணத் தெரிந்ததே 4 ஜிபி மட்டும்தான்; அதிலும் மதர்போர்டில் இருக்கிற மற்றச் சாமான்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிஞ்சியதைத்தான் ரேமுக்குக் கொடுக்கும். 64 பிட் போடலாமே என்றால் பேஜ்மேக்கர் ஒத்துழைக்குமோ என்ற பயம். காசு கொடுத்து வாங்கிய முக்கால் ஜிபி உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது எஸ்.எஸ்.டி. கொழும்பில் வேலை செய்கிற மச்சான் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கி, கோச்சியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். தம்பி அதைப் பூட்டினான். பூட்டும்போது உள்ளே இருந்த தூசியைப் பார்த்து மனம் கேட்காமல் ப்ரொசசர் ஃபேனையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுவிட்டுப் போனான். அதற்குக் காசும் வாங்கவில்லை. நல்ல பிள்ளை.

அரை நிமிடத்தில் விண்டோஸ் திறந்தது. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் மவுஸ் விக்கத் தொடங்கியது. பழைய இழுவைக்கு ஒரு நேர்மை இருந்தது. காலையிலிருந்து இரவுவரை ஒரே சீராக இழுக்கும். இது திறந்தவுடன் பறக்கும், அப்புறம் படுக்கும். அம்மன் இப்போது புருவத்தோடு நின்றுவிட்டாள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அன்டிவைரஸை எடு என்றார்கள், எடுத்தோம். வேறொன்று போடு என்றார்கள், போட்டோம். திகதி 2009க்குத் திரும்பிவிடுகிறது, அதுதான் காரணம் என்று ஒருவர் சொல்ல, மதர்போர்டின் சில்லறைக் காசு அளவு பட்டரியை மாற்றினோம். திகதி சரியாகி இன்டர்நெட் திறந்தது, இழுவை போகவில்லை. சாயங்காலம் லயத்தில் எல்லா வீட்டிலும் லைட் போட்டால் வோல்ட்டேஜ் இறங்குகிறது என்றார் இன்னொருவர், நடுமத்தியானத்திலும் இழுத்தது. என் மனைவி மொனிட்டருக்கு மேலே எலுமிச்சம்பழம் கட்டினாள். அது உருண்டு வந்து திரையை மறைத்ததுதான் மிச்சம்.

சூடு பற்றி யாரும் பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. பெட்டியைத் திறந்தவர்கள் எல்லோரும் ஃபேனுக்கடியில் இருக்கிற அலுமினியக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். "சில்லுன்னு இருக்கு சேர், சூடு இல்ல" என்று மூடினார்கள்.

கடைசியில் ஒரு கருமாதிப் பத்திரிகை அடிக்க வந்தார் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஐயா. காலமெல்லாம் ஸ்டோரில் இருந்தவர். வாடிய கொழுந்தை ஒரு கை அள்ளி இறுக்கிப் பார்த்தே ரோலருக்கு அனுப்பலாமா என்று சொல்லிவிடுகிற கை. பெல்பாஸ்டில் 1881இல் தொடங்கிய சிரோக்கோ பட்டறையின் டிரையர்களை ஓட்டிப் பழகியவர். 2009 மெஷினைப் பழசு என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"மாஸ்டர், கடைசியா இதுல யாரு கை வச்சது?"

"எஸ்.எஸ்.டி. போட்ட தம்பி."

"என்ன போட்டான்னு கேக்கல. என்னத்தக் கழட்டினான்?"

ஃபேன் என்றேன். பெட்டியைத் திறந்து அவரும் அந்தக் கட்டியைத் தொட்டார். மற்றவர்கள் கையை எடுத்த இடத்தில் அவர் எடுக்கவில்லை. மெல்ல அசைத்தார். ஆடியது.

திரையில் ப்ரொசசரின் சூடு 97 டிகிரி காட்டியது. "நாங்க டிரையருக்குள்ள காத்து விடுறதே இந்தச் சூட்டுலதான்," என்றார். "உள்ள இவ்வளவு சூடு, மேல கட்டி குளுந்து கெடக்குன்னா ரெண்டும் ஒட்டல. சூடு மேல வர வழியில்ல." மற்ற எல்லோரையும் சமாதானப்படுத்திய அந்தக் குளிர்ச்சிதான் அவரை மட்டும் சந்தேகப்பட வைத்தது.

விஷயம் இதுதான். இன்டெல் 2004இல் கொண்டுவந்த அந்த வகை போர்டில் ஃபேனைத் திருகாணியால் பூட்டுவதில்லை. நாலு மூலையிலும் நாலு பிளாஸ்டிக் ஊசி. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி. அம்புக்குறியைப் பார்த்தால் எவருக்கும் அந்தப் பக்கம் திருகி இறுக்கத்தான் தோன்றும். ஆனால் அம்பு காட்டுவது கழற்றுகிற திசை. பூட்டுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினால் போதும். தம்பி அழுத்தியும் இருக்கிறான். அதற்குப் பிறகு கூடுதல் அக்கறையாக நாலையும் அம்புப் பக்கம் திருகியும் இருக்கிறான். இரண்டு மேலே வந்துவிட்டன. இதை வரைந்தவர் யாரோ, அவரிடம்தான் எனக்குக் கோபம். ப்ரொசசரோ சூடு எல்லையைத் தொட்டதும் கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. பாவம், அது ஒன்றுதான் இந்த வீட்டில் அறிவோடு நடந்துகொண்டது.

தம்பியைக் கூப்பிட்டோம். காய்ந்துபோன பேஸ்டைச் சுரண்டிப் புதிதாக ஒரு துளி வைத்து, டீமேக்கர் ஐயா மேற்பார்வையில் நாலு முறை டக். சூடு 45க்கு இறங்கியது. பத்திரிகை அன்றைக்கே முடிந்தது. அம்மன் கிரீடம் முதல் பாதம்வரை ஒரேயடியாக வந்து நின்றாள்.

அதற்குப் பிறகுதான் தொல்லை. மெஷின் இழுத்த காலத்தில் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் ஒரு திருத்தம் சொன்னால் அது திரைக்கு வருவதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். "இருக்கட்டும் சேர், இப்படியே அடிங்க" என்று போய்விடுவார்கள். இப்போது ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். போன முறை பிரச்சினை உபயகாரர் வரிசை. தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கா, கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கா, எந்தப் பெயர் முதலில்?

"கீழ்க்கணக்கை மேல போட்டு ஒருக்காப் பாப்போமே சேர், மெஷின்தான் இப்ப நல்லா ஓடுதே" என்றார் கீழ்க்கணக்குக்காரர். போட்டேன்.

மேற்கணக்குக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஓடுதுல்ல? அப்ப பழையபடியும் ஒருக்காப் போடுங்க."