பதினாறும் பெறலாமா?

கேள்வி: கல்யாணமாகி நாலு வருஷம். வெயில், வெள்ளம், வேலை போய்விடுமோ என்ற பயம். இப்படிப்பட்ட உலகத்தில் பிள்ளை பெறுவது நியாயமா? மாமியார் வேறு போன் பண்ணும்போதெல்லாம் "ஏதாவது விசேஷமா?" என்கிறார்.
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: 2015-ல் வீட்டுக்குள் வந்த தண்ணீரையும் 2019-ல் லாரிக்குக் காத்துக் கிடந்த காலிக் குடங்களையும் பார்த்த ஊர். இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஆரூடக்காரர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். ஜனம் பெருகினால் சோறு போதாது என்று 1798-ல் எச்சரித்த மால்தஸ், 1804-ல் கல்யாணம் செய்து மூன்று பிள்ளை பெற்றார். எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று 1968-ல் பால் எர்லிக் எழுதினார். அதற்குள் நம் வயல்களில் அதிக விளைச்சல் தரும் ஐ.ஆர்.8 நெல் வந்துவிட்டது.

அரசாங்கத்தைக் கேட்டும் முடிவெடுக்காதீர்கள். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். 2024-ல் முதல்வர் ஸ்டாலினோ, தொகுதி மறுவரையறையில் எம்.பி. இடங்கள் குறையலாம் என்பதைச் சொல்லி, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று கல்யாண மேடையில் கேட்டார். வேடிக்கைப் பேச்சுதான். என்றாலும் ராத்திரி டயப்பர் மாற்ற எந்த எம்.பி.யும் வரமாட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே பரீட்சை: மூன்று மணிக்குக் குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பது என்று கணவரைக் கேளுங்கள். "அதான் அம்மா வருவாங்களே" என்றால், தள்ளிப்போடுங்கள்; புவி வெப்பத்தைவிட அது அவசர ஆபத்து. இருவருக்கும் வேண்டாமென்றால் வேண்டாம், அதிலும் குறையில்லை.

மாமியாரிடம், "விசேஷம்னா முதல் போன் உங்களுக்குத்தான் அத்தை" என்று சொல்லிவையுங்கள்.