மனைவளம் பெருக்கிய மாண்பாளர்களுக்கு வாழ்த்துமடல்

நகர்களை நட்டவர்களே, வாடகையை வளர்த்தவர்களே, மாயூரத்து மண்ணைப் பொன்னாக்கிய பெருமக்களே!

புதிதாக ஒரு தாசில்தார் வந்தாலே வாழ்த்துமடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலையோடு வாசித்தளிக்கிற ஊர் இது. ஐந்தாறு ஆண்டுகளாக நீங்கள் இத்தனை செய்தும் உங்களுக்கு ஒரு மடல் வாசிக்க ஆள் இல்லை. அந்தக் குறை தீர, மாயூரம் என்கிற இந்த மயிலாடுதுறையில் வாடகைக்குக் குடியிருப்போரும், குடியிருந்து காலி செய்தோரும், அடுத்த மாதம் காலி செய்ய இருப்போரும் கூடி இதைப் படைக்கிறோம். சட்டம் மட்டும் போடவில்லை. போட்டாலும் மாட்ட முடியாது. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவதில்லை.

கேட்டதற்கு மேல் கொடுத்த வள்ளல்களே!

1991-ல் தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தபோது எங்களை அதோடு சேர்த்தார்கள். கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க, காரைக்கால் வழியே புதுச்சேரி அரசின் எல்லைக்குள் புகுந்து வெளியே வந்து, நாகைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த அலைச்சல் தாங்காமல்தான் தனி மாவட்டம் கேட்டோம். கடையடைத்தோம், உண்ணாவிரதம் இருந்தோம். 2020 மார்ச் 24 அன்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. டிசம்பர் 28 அன்று மாநிலத்தின் 38-ஆவது மாவட்டம் பிறந்தது. பூ கட்டுகிறவர், தள்ளுவண்டிக்காரர், மூட்டை தூக்குகிறவர் எல்லாருக்கும் அன்று ஒரே சந்தோஷம்.

நாங்கள் கேட்டது கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வரவேண்டும் என்பது மட்டும்தான். அது பக்கத்தில் வந்தால் நாங்கள் தூரப் போகவேண்டும் என்ற மறுபாதியை, கேட்காமலே நிறைவேற்றித் தந்தவர்கள் நீங்கள். மன்னம்பந்தலில், தருமபுரம் ஆதீனம் தந்த நிலத்தில் எழுந்த ஆட்சியரகம் திறக்கப்பட்டது 2024 மார்ச்சில். ஆனால் அரசு அடிக்கல் நடும் முன்பே எல்லைக்கல் நட்ட தொலைநோக்கு உங்களுடையது. மணக்குடியில் புதிய பேருந்து நிலையம் என்ற பேச்சு எழுந்ததும், பஸ் வருவதற்கு முன்பே விலை அங்கே போய் இறங்கிவிட்டது. அரசாங்கத்துக்கு முன்னால் ஓடக்கூடியவர்கள் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

வயலுக்கு விடுதலை அளித்தவர்களே!

எங்கள் பாட்டன்மார் நிலத்தை வேலி, மா, குழி என்று அளந்தார்கள். ஒரு மா என்பது நூறு குழி. சதுர அடியில் 14,400. அதில் நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, ஆடுதுறை ரக நெல் பத்துப் பன்னிரண்டு மூட்டை கண்டால் பெரிய விளைச்சல் என்று பூரித்தார்கள். அடுத்த போகத்துக்கு மறுபடியும் அதே பாடு. தெருவுக்கு இடம் விட்ட பிறகும் அதே ஒரு மாவில் ஏழெட்டு மனை விளைவித்துக் காட்டினீர்கள் நீங்கள். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா என்ற கவலை இல்லை; கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பாரும் இல்லை. ஒரே ஒரு முறை அறுத்தால் போதும், அதற்குப்பின் அந்த நிலம் யாரையும் வேலைக்கு அழைத்துத் தொந்தரவு செய்யாது. நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு இவ்வளவு நீண்ட ஓய்வை எந்தத் தொழிற்சங்கமும் வாங்கித் தந்ததில்லை.

உங்கள்மீது அரசுக்கு உள்ள நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2020-ல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றினார்கள். 2023-ல் அதைத் திருத்தி மயிலாடுதுறை மாவட்டத்தின் பெயரையும் எழுதிச் சேர்த்தார்கள். எண்ணெய், எரிவாயுக் கிணறு புதிதாகத் தோண்டக்கூடாது, உருக்காலை கூடாது, தோல் தொழிற்சாலை கூடாது என்று அதில் ஒரு தடைப்பட்டியல் உண்டு. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. மீத்தேன்காரனிடமிருந்து காப்பாற்றிய வயலை உங்களிடம் ஒப்படைத்ததுபோல் ஆயிற்று. 2016-ல் அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது நீங்கள் மனம் தளரவில்லை. 2017-லேயே வரன்முறை விதிகள் வந்தன. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதற்கு உங்களைவிடச் சான்று வேண்டுமா?

தண்ணீரின் தோழர்களே!

வடிகால் வாய்க்காலைத் தூர்த்துத் தெருவாக்கினீர்கள். போக இடமில்லாத தண்ணீருக்கு வீட்டுக்குள் இடம் கொடுத்தீர்கள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தண்ணீருக்குத் தன் பழைய வழி எது என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. மயிலாடுதுறை நகரில் பாதாளச் சாக்கடையும் தன் பங்குக்கு அவ்வப்போது சாலையை உள்வாங்கிக்கொண்டு, கீழே என்ன இருக்கிறது என்று பொதுமக்களுக்குக் காட்டுகிறது. பழங்காவிரியோ தன் பெயரில் மட்டும் காவிரியாக, சாக்கடை சுமந்து போகிறது. இவை எதுவும் வாடகையைக் குறைக்கவில்லை என்பதுதான் உங்கள் திறமை.

குடிக்கூலிக்குக் கௌரவம் தந்தவர்களே!

‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது’ என்பது பழைய சொலவடை. இன்று அந்த ஆயிரத்துக்கு மாயூரத்தில் ஒரு மாட்டுக்கொட்டில்கூட ஆகாது. பட்டமங்கலத் தெருவிலும் மகாதானத் தெருவிலும் வீடு கேட்டுப் போனால், வாடகைக்கு முன்னால் தேர்வு நடக்கிறது. அரசு வேலையா, தனியாரா? சைவமா? எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு? கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்கிறவரும் அறிவார், சொல்கிறவரும் அறிவார். அதிகாரிகளுக்கும் அலுவலர்களுக்கும் கதவு உடனே திறக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் அல்லவா? கூலிக்காரருக்கோ, வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது, மகன் ஊரிலிருந்து வருகிறான் என்று மனம் நோகாமல் மறுக்கிறார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்த பணத்தில் கட்டிய வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன. வீடு இல்லாத மனிதர்களும் மனிதர் இல்லாத வீடுகளும் ஒரே தெருவில் இத்தனை ஒற்றுமையாக வாழ்வது வேறெங்கும் காணக் கிடைக்காது.

2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்குத் தலையாட்டாதவனுக்குச் சாவி கிடைக்காது என்பதால், உடன்பாடு எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. சட்டத்தை மீறாமல் இருக்க எங்களையே கையெழுத்துப் போடச் சொல்லும் உங்கள் நேர்மையை என்ன சொல்ல!

விற்காத மண்ணிலும் விலையேற்றியவர்களே!

இந்த ஊரில் ஏராளமானோர் கோயில் மனையில் குடியிருக்கிறார்கள். மேலே நிற்கும் வீடு அவர்களுடையது, அடிமனை சாமியுடையது. அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவு, அந்த மனைக்கான நியாய வாடகையைச் சந்தை மதிப்பை ஒட்டி நிர்ணயிக்கவும் மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தவும் சொல்கிறது. நீங்கள் மன்னம்பந்தல் பக்கம் ஒரு மனையை விலையேற்றி விற்கிறீர்கள். அந்த ஏற்றம் மெல்ல நகர்ந்து வந்து, ஊருக்குள் ஓட்டுவீட்டில் இட்லி சுட்டு விற்கும் ஆயாவின் அடிமனை வாடகையில் ஏறி உட்காருகிறது. 2017-ல் குறைத்த, பத்திரப்பதிவுக்கான நில வழிகாட்டி மதிப்பை அரசு 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே உயர்த்தியதும் உங்கள் புகழுக்கு மேலும் ஒரு படி. ஆயா எதையும் விற்கவில்லை, வாங்கவில்லை. இருந்தும் அவரை நிலச்சந்தையின் பங்காளியாக்கிவிட்டீர்கள். லாபத்தில் மட்டும் பங்கில்லை.

கூறைநாட்டுக்கும் நீங்கள் செய்த உதவி பெரிது. கல்யாணக் கூறைப்புடவைக்குப் பெயர்போன ஊர் அது. குழித்தறிக்கு மண் தரையில் பள்ளம் வேண்டும். பாவு போட நீளமான தெரு வேண்டும். வாடகை வீட்டில் டைல்ஸைப் பெயர்த்துக் குழி தோண்ட யார் விடுவார்கள்? குறைந்த கூலியால் ஏற்கெனவே நலிந்த தறிக்கு இடமும் இல்லாமல் செய்து, நெசவாளர் பிள்ளைகளைத் திருப்பூர்வரை உலகம் பார்க்க அனுப்பிவைத்தீர்கள்.

லண்டனில் உழைப்பாளிகளின் பேட்டைகளுக்குள் வசதியானவர்கள் குடியேற, பழைய குடிகள் ஒவ்வொருவராக வெளியேறியதை 1964-ல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் எழுதினார். அங்கே வீட்டைப் பழுதுபார்த்துப் புதுப்பித்த பிறகுதான் வாடகை ஏறியது. நீங்கள் ஒழுகுகிற ஓட்டைக்கூட மாற்றாமல் அதைச் சாதித்திருக்கிறீர்கள். லண்டன்காரர்கள் இங்கே வந்து பாடம் படிக்க வேண்டும்.

பெருமக்களே, வாழ்த்துமடலின் முடிவில் ஒரு விண்ணப்பம் வைப்பது நம் மரபு. எங்களுடையது சிறியது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கை நலிந்த பிரிவினருக்கு மனையாக ஒதுக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சொல்கின்றன. உங்கள் வண்ண வரைபடங்களில் பூங்கா இருக்கிறது, கோயில் இருக்கிறது, நீரூற்றுகூட இருக்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கு எந்த மூலையில் இருக்கிறது, அதை யாருக்கு விற்றீர்கள் என்பதை மட்டும் பலகையில் எழுதி வையுங்கள். அனுமதி தந்த அதிகாரிகளும் அதைப் போய்ப் பார்க்கட்டும். அதுவரை, இந்த மாவட்டத் தலைநகரைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும், அதற்குச் சோறாக்கிப் போடுகிறவர்களும், மணல்மேட்டிலிருந்தும் செம்பனார்கோயிலிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து, கடைசி பஸ்ஸில் திரும்பிப் போவார்கள்.

இங்ஙனம்,
காலி செய்யச் சொன்ன தேதிக்குள் காலி செய்துவிடும்
உங்கள் நன்றியுள்ள குடித்தனக்காரர்கள்.