மைத்துனனின் மீட்புப் படை

மணலிலோ சேற்றிலோ சிக்கிய வண்டியை மீட்கும் சாமான்களை ஆட்கள் இரண்டே இடங்களில்தான் வைக்கிறார்கள். ஒன்று, ஊரார் கண்ணில் படும் இடம். இன்னொன்று, தன் கைக்கே எட்டாத இடம். என் மைத்துனன் இரண்டையும் ஒரே வண்டியில் சாதித்தவன்.

வண்டி ஜிம்னி. பானெட்டின் மேல் நாலடி நீள ஜாக்கி படுத்திருக்கும். கூரைக் கேரியரில், சிக்கிய சக்கரத்துக்கு அடியில் போடும் ஆரஞ்சு நிற மணல் பலகைகள், பூட்டு போட்டு. பக்கவாட்டில் மண்வாரி, கோடரி, 20 லிட்டர் கேன். கேனில் பெட்ரோல் கிடையாது, காற்றுதான். இத்தனை ஆயுதங்களோடு சுடலைமாடன் கோலத்தில் அந்த வண்டி பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகும்.

ஜாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹை-லிஃப்ட் என்று பெயர். அமெரிக்காவில் இண்டியானா பக்கம் 1905-இலிருந்து செய்கிறார்கள். 48 அங்குல ஜாக்கி ஏறக்குறைய 13 கிலோ வரும். டிராக்டரைத் தூக்க, வேலிக் கம்பத்தைப் பிடுங்க என்று பண்ணைக்காரர்கள் கையாண்ட சாமான் அது. அதன் நாக்கை மாட்டுவதற்கு இரும்பு பம்பரோ, கதவுக்குக் கீழே இரும்புச் சட்டமோ இருக்க வேண்டும். ஜிம்னிக்கு இருப்பது பிளாஸ்டிக் பம்பர். ஆக, ஊரில் எவன் வண்டியை வேண்டுமானாலும் அந்த ஜாக்கி தூக்கும்; தன்னைச் சுமக்கிற வண்டியை மட்டும் தூக்காது.

இதைச் சொன்னதும் மைத்துனன் இரும்பு பம்பர் போடக் கிளம்பினான். வண்டிக்கு முன்னால் இரும்புக் குழாய் மாட்டுகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. இதையும் சொன்னேன். மைத்துனன் தன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டு, பம்பர் யோசனையைக் கைவிட்டான்.

கூரைக் கதை தனி. ஆஸ்திரேலியாவில் ஜிம்னியின் கூரைக்குச் சொல்லப்படும் சுமை 30 கிலோ. கேரியரின் எடையும் அதற்குள்தான் அடக்கம். கனமான இரும்புக் கேரியராக வாங்கிப் போட்டால், அதன்மேல் வைக்க மிச்சமிருப்பது ஒரு பெட்ஷீட்டுக்கு உண்டான இடம். எடை மேலே ஏற ஏறச் சாய்வான பாதையில் வண்டி கவிழப் பார்க்கும். இதை நான் சொன்னபோது, “அத்தான், நீங்க போட்டோவைப் பாருங்க” என்றான். போட்டோ நன்றாகத்தான் இருந்தது.

போன பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்குப் போனோம். திருச்செந்தூர் பக்கத்துத் தேரி தெரியாதவர்களுக்கு: குங்குமம் போலச் சிவந்த மணல், இடையிடையே பனை, கொல்லாமரம். கோயில் வரை நல்ல ரோடு இருக்கிறது. ஆனால் கூட்டத்தைக் காரணம் காட்டி மைத்துனன் ரோட்டை விட்டு இறங்கினான். அவனுக்குக் காரணம் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. நிழலுக்காக ஒரு பனையை ஒட்டிப் பின்பக்கமாகவே போய் நிறுத்தினான்.

ஜிம்னியின் பின்கதவு, ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும் ஒற்றைக் கதவு. பனை விடவில்லை. சரி, முன்னால் எடுப்போம் என்று ஆக்சிலேட்டரை மிதித்தான். நாலு சக்கரமும் நின்ற இடத்திலேயே கிணறு வெட்டின. அந்தக் கோயிலின் கள்ளர் வெட்டுத் திருவிழாவில் அந்தத் தேரி மண்ணை ஒரு பிடி அள்ள பக்தர்கள் முண்டியடிப்பார்கள். எங்களுக்குச் சீசன் இல்லாத நாளில் சக்கரம் நிறையக் கிடைத்தது.

“பலகையைப் போட்ருவோம்” என்றான். பலகைக்குப் பூட்டு. சாவி மீட்புப் பையில். மீட்புப் பை டிக்கியில். டிக்கியின் வாசலில் பனை.

என் மகன் பின்சீட்டின் மேலே ஏறித் தலைகீழாக டிக்கிக்குள் இறங்கினான். முதலில் பொங்கல் பானை வந்தது. பிறகு பச்சரிசி, வெல்லம், தேங்காய், விறகுக் கட்டு. வாழைத்தாரைச் சுற்றி ஏதோ பெல்ட் கட்டியிருந்தது. இழுக்கும்போது ரப்பர் மாதிரி நீண்டு, சிக்கிய வண்டியை வெளியே வீசுவதற்கென்று வாங்கிய ஸ்னாட்ச் பெல்ட் அது. அதன் விலை தெரியாமல் என் மாமியார் தாரைக் கட்டியிருந்தார். “நல்லா இழுத்துப் பிடிக்குல்லா” என்று எங்களிடம் நியாயம் கேட்டார். நியாயம்தான். அந்த பெல்ட்டை வண்டியின் உறுதியான கொக்கியில் மாட்டாமல் டிரெய்லர் குண்டில் மாட்டி இழுத்து, குண்டு பிய்த்துப் பறந்து ஆள் செத்ததெல்லாம் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கிறது. வாழைத்தாருக்கு அந்த அபாயம் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் மீட்புப் பை. அதற்குள் சாவி. சாவியோடு உள்ளங்கைக்குள் அடங்குகிற காற்று மீட்டர் ஒன்று. நாலு டயரிலும் காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினான். டயர் தரையில் அகலமாகப் படிந்தது. ஃபோர் வீல் லோவில் போட்டு மெல்ல எடுத்ததும், ஒன்றுமே நடக்காதது போல வண்டி வெளியே வந்து நின்றது. ஜாக்கி, பலகை, மண்வாரி, கோடரி எதையும் யாரும் தொடவில்லை. கோடரியை மட்டும் மாமியார் வாங்கி விறகு பிளந்தார்.

வண்டியில் சாமான் ஏற்றுவது பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. எது முதலில் தேவைப்படுமோ அது கடைசியாக உள்ளே போக வேண்டும். காற்று மீட்டர் டிரைவர் கதவுப் பையில். மண்வாரி, கதவைத் திறக்காமலே எடுக்கிற மாதிரி. பெல்ட்டும் அதை மாட்டும் ஷாக்கிளும் முன்சீட்டுக்குக் கீழே. ஜாக்கி மாதிரிக் கனமானது எதுவானாலும் வண்டிக்குள் தாழ்வாக, அசையாமல் கட்டி. வண்டி உருண்டால் உள்ளே 13 கிலோ இரும்பு எந்தத் தலையைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. மைத்துனன் இதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டுக் கேனுக்குப் பெயிண்ட் அடித்தான்.

ஜாக்கிக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது. எங்கள் ஊரில் தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கு வந்தவர், பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஏ தம்பி, இத என்னத்துக்கு மூக்குமேல மாட்டிருக்க?” என்றார். பழைய முள்வேலியை எடுக்க வேண்டும், ஊன்றிய கல் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது, கொண்டு போகட்டுமா என்று கேட்டார். தூசியும் வெயிலும் தின்று அதன் பின்கள் இறுகிக் கிடந்தன. அண்ணாச்சி எண்ணெய் விட்டுத் தட்டிச் சரிசெய்தார். கல்லில் சங்கிலியைச் சுற்றி ஜாக்கியின் நாக்கில் மாட்டி, கைப்பிடியை ஆட்ட ஆட்ட, கல் பல் பிடுங்குகிற மாதிரி ஏறி வந்தது. கைப்பிடி எகிறித் தாடையைப் பேர்த்துவிடும், முகத்தைக் குனிக்காதீர்கள் என்று மைத்துனன் கத்திக்கொண்டே இருந்தான். தன் ஜாக்கி வேலை செய்து அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கடைசிக் கல் வந்ததும், கல்லுக்குப் பக்கத்தில் ஜிம்னியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜாக்கியைப் பழையபடி பானெட்டில் மாட்டி, அண்ணாச்சியையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான்.