அத்தான், இங்க நிப்பாட்டுதேன் பாருங்க

தொண்ணூறு நொடி ஓடுகிற ட்ரெய்லரைப் பார்த்து முடிக்க இவர்களுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆகும். நாலு நொடிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது, பக்கத்தில் காட்டுவதற்கு ஓர் ஆளும் வேண்டும். "அத்தான், இங்க நிப்பாட்டுதேன், பாருங்க."

பொதுவாகத்தான் சொல்கிறேன். என் மச்சினனை மனதில் வைத்து எழுதுகிறேன் என்று வீட்டில் யாரும் முகத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். இந்த வகை எல்லா ஊரிலும் உண்டு. முப்பத்திரண்டு வயது, கம்ப்யூட்டர் வேலை, அதிலும் பாதி நாள் வீட்டிலிருந்தே. நாகர்கோவிலில் பிறந்து, அக்காவைக் கட்டிக்கொடுத்த வித்துராவில் வந்து தங்கி, பொன்முடி போகிற ரோட்டில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மாடி அறையை வளைத்துப்போட்டு, அதில் ஒரு பிஎஸ் ஃபைவ். எல்லா ஊரிலும் உண்டு.

ஜிடிஏ ஆறு என்கிற வீடியோ கேமின் முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பர் 5 அன்று வரும் என்று கம்பெனி நாள் குறித்திருந்தது. அதற்குள் யாரோ அதை வெளியே விட்டுவிட, கம்பெனியும் வேறு வழியில்லாமல் முன்கூட்டியே போட்டுவிட்டது. நமக்கு அப்போது விடியற்காலை. கதவு இடிபட்டது. "அத்தான், லீக் ஆயிட்டு! எழும்புங்க!" என்றான். என்பார்கள், இந்த வகையினர்.

வித்துராவில் வீடு வைத்திருப்பவனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மாடி காய்ந்து கிடந்தது. டிவியில் ஒரு முதலை கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"இங்க நிப்பாட்டுதேன், பாருங்க. வால் தரையில உரசுத இடத்துல நிழல் எப்படி விழுது பாத்தேளா? இதுதான் அத்தான் ரியலிசம்." வாளியும் கையுமாக நின்று பார்த்தேன். வாலும் இருந்தது, நிழலும் இருந்தது. பின்னோக்கி ஓட்டி மறுபடியும் முதலையை வாசலுக்கு அனுப்பினான். மறுபடியும் நுழைந்தது. விடிவதற்குள் அந்த முதலை பதினோரு முறை அந்தக் கடைக்குள் போயிருக்கும். ஒரு தடவைகூட எதுவும் வாங்கவில்லை.

சரி, அவன்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து, "அண்ணா, பன்னி இறங்ஙி!" என்று கூவினார். (திருவனந்தபுரம் பக்கத்து மலையாளிக்குச் சேட்டன் கிடையாது, அண்ணன்தான். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குப் பரம திருப்தி.) டார்ச்சையும் தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு நான் ஓட, என் மனைவி மாடியைப் பார்த்துத் தம்பியைக் கூப்பிட, அவன் காதில் ஹெட்போன். பதினெட்டு மூடு மரச்சீனி போயிற்று. காலையில் டீ டம்ளரோடு இறங்கி வந்தவன், உழுதுபோட்டது போலக் கிடந்த மண்ணைப் பார்த்து, "சே, என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லா" என்றான். பன்னியின் வால் நிழல் எப்படி விழுந்தது என்று நான் கவனிக்கவில்லை. அதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

2025 மே மாதம் இரண்டாவது ட்ரெய்லர் வந்தது. அதில் பீர் பாட்டிலுக்குள் ஏறுகிற நுரைக் குமிழிக்கு ஒரு நிறுத்தம். கதாநாயகன் ஜேசனின் கை ரோமத்துக்கு ஒரு நிறுத்தம். என் சொந்தக் கையில் எத்தனை ரோமம் என்று எனக்குத் தெரியாது, ஜேசனுக்குச் சொல்வேன். இப்படி அங்குலம் அங்குலமாகப் பார்த்து, வியந்து, என்னையும் வியக்க வைத்து, கடைசியில் ரிமோட்டைக் கீழே வைத்துத் தீர்ப்பு வாசிப்பான்: "ஆனா அந்தப் பழைய ஃபீல் இல்ல, அத்தான். எல்லாம் வெறும் புரொமோஷன்."

இருநூறு முறை விளம்பரம் பார்த்த மனுஷன் விளம்பரத்தைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே, அதில் ஒரு தனி ருசி உண்டு. பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டு சமையல்காரரைக் குறை சொல்கிறவரிடம் கேட்கிற அதே சுருதி.

இரண்டாம் பாகங்களைப் பற்றி அவனுக்கு ஒரு சித்தாந்தம் இருக்கிறது. ஒண்ணாம் பாகத்தை விளையாடத் தெரிஞ்சவன் செய்வான், ரெண்டாம் பாகத்தைக் கணக்குப்பிள்ளை செய்வான். அவன் அக்கா தோசைக்கல்லிலிருந்து திரும்பாமலே, "அப்ப திருஷ்யம் ரெண்டு?" என்று கேட்டாள். வித்துராவில் அந்தப் படத்து ஜார்ஜ்குட்டிக்கு எதிராக யாரும் வாய் திறக்க முடியாது. "அது வேற, அக்கா" என்றான். நானும் விடவில்லை. "நீ தலையில வச்சு ஆடுத ஜிடிஏ, அஞ்சாம் பாகம்லா?"

"அது வேற, அத்தான்."

அந்த அஞ்சாம் பாகம் 2013 செப்டம்பர் 17 அன்று வந்தது. அடுத்த வருஷம் அதையே பிஎஸ் ஃபோருக்குப் புதுசாக்கிக் கொடுத்தார்கள். 2022இல் பிஎஸ் ஃபைவுக்கு மறுபடியும். இருபது கோடிக்கு மேல் விற்றாயிற்று. ராத்திரி மிஞ்சின இட்லியைக் காலையில் உப்புமாவாக்குவது ஒரு கலை என்றால், அதையே சாயந்திரம் மசாலா இட்லி என்று மறுபடியும் கொண்டுவந்து வைப்பது மகாகலை. இவன் மூன்றையும் காசு கொடுத்து வாங்கினான். இட்லி, உப்புமா, மசாலா இட்லி. பிறகு கணக்குப்பிள்ளையைத் திட்டினான்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபம் முழுக்கப் பொய் இல்லை. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தது. எட்டு வருஷம் காத்திருந்தார்கள், சினிமா நடிகரையெல்லாம் மேடையேற்றிக் கூத்து நடத்தினார்கள். வந்த எட்டே நாளில் சோனி அதைத் தன் கடையிலிருந்து தூக்கிவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 1997இல் அறிவித்த டியூக் நியூகெம் ஃபாரெவர் வந்து சேர்ந்தது 2011இல். இவ்வளவும் விரல்நுனியில் வைத்திருப்பவன், அடுத்த கேமுக்கு முதல் ஆளாக முன்பணம் கட்டுவான். அதுவும் கூடக் காசு கொடுத்து டீலக்ஸ். ஊருக்கு முன்னால் மூன்று நாள் விளையாடலாமாம். அந்த மூன்று நாளும் இங்கே காற்றும் மழையும். மரம் விழுந்து கம்பி அறுந்தது. கரண்டு வந்தபோது ஊர் முழுக்க விளையாடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் சிரிப்பாகச் சொல்லிவிடலாம். சிரிக்க வராத ஒன்று இருக்கிறது. "இப்பல்லாம் கேம்ல ஃபன்னே இல்ல" என்று நாளுக்கு நாலு தடவை சொல்கிற இவனிடம் இரண்டு கன்ட்ரோலர் இருக்கிறது. ஒன்று அவன் கையில். இன்னொன்று வாங்கி இரண்டு வருஷமாகிறது, இன்னும் பாலிதீன் உறையில். என் பையனுக்குப் பத்து வயது. மாமன் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாமன் விளையாடுவதைப் பார்ப்பான். "மாமா, ஒரு தடவை" என்பான். "இரு மக்கா, இந்த மிஷன் முடியட்டும்." மிஷன் முடியாது. முடிந்தால் அடுத்த ட்ரெய்லர் வந்திருக்கும். ஒருநாள் நானே அந்த உறையைப் பிரிக்கப் போனேன். "அத்தான், பிள்ளைக கையில கொடுத்தா ஸ்டிக் டிரிஃப்ட் ஆயிரும்" என்று பதறினான். ஃபன் எங்கே போயிற்று என்று தேடுகிறவன் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருந்தால், சுவரோரம் உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே கோபம். ராத்திரிச் சாப்பாட்டில் அவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன மழையில் நெட் மூன்று நாள் போயிற்று. பிஎஸ் ஃபைவில் வைத்திருந்தது ஒரே கேம், அது நெட் இல்லாமல் திறக்காது. நாலாம் நாள் வரை பொறுக்க முடியாமல், மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து இயக்கினான். உள்ளே இருந்தது கிரிக்கெட் 07. 2006இல் வந்தது. அதற்குப் பிறகு அதைச் செய்த கம்பெனி கிரிக்கெட் பக்கமே வரவில்லை; எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை. அதனால் நம் பையன்களே வருஷா வருஷம் புதுச் சட்டை, புது டீம், ஐபிஎல் எல்லாம் தைத்துச் சேர்த்து அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை இல்லாத இரண்டாம் பாகம் என்றால் இதுதான்.

சஞ்சு சாம்சன் இறங்கினார். விழிஞ்ஞத்துப் பையன், எங்கள் ஜில்லா. 2015 ஏப்ரலில் காலமான ரிச்சி பெனோ வர்ணனை செய்தார். சஞ்சு இந்தியாவுக்கு முதல் மேட்ச் ஆடியது அந்த வருஷம் ஜூலையில். ஆனாலும் பெனோ ஷாட்டைப் பாராட்டினார், பேரை மட்டும் சொல்லவில்லை. ஸ்டேடியத்தில் மனிதர்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருந்தார்கள். நிழலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓவருக்கு ஓவர் கீபோர்டை மாற்றிக்கொண்டு மாமனும் மருமகனும் கத்திய கத்தில் அடுத்த வீட்டுக்காரர் மறுபடியும் பன்னிதான் என்று டார்ச்சோடு வந்துவிட்டார். பிறகு அவரும் உட்கார்ந்து இரண்டு ஓவர் போட்டார். பையன் நாற்பத்தேழு ரன்னில் ஜெயித்தான். பேட்ச் சரியில்லை என்றான் மாமன்.

மறுநாள் நெட் வந்தது. கம்ப்யூட்டர் படிக்குக் கீழே போயிற்று. உறை பிரியவில்லை.

ஜிடிஏ ஆறு 2025 கடைசியில் என்றார்கள். அப்புறம் 2026 மே 26 என்றார்கள். இப்போது நவம்பர் 19. வியாழக்கிழமை, நல்ல துலாமழைக் காலம். இன்வெர்ட்டர் பேட்டரியை அதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று எனக்கு இப்போதே உத்தரவாகியிருக்கிறது. "ட்ரெய்லரைப் பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல அத்தான், ஆனாலும் மாத்திருங்க." நெடுமங்காட்டில் ஒரு கடையில் விலை கேட்டிருக்கிறேன்.