பலாப்பழமும் பிரேக் பேடும்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பிக்கப்புக்கு பிரேக் பேடு கேட்டுப் பாருங்கள். "ஒரிஜினல் வேணுமா, கம்பெனி ஒரிஜினல் வேணுமாண்ணே?" என்பார் கடைக்காரர். இரண்டுக்கும் ஒரே டப்பா, ஒரே ஹாலோகிராம், விலைதான் வேறு.

வண்டிக்காரருக்கு ஏர் ஹாரன், சீரியல் லைட், கண்ணாடியில் குலதெய்வம் என்று எதிலும் பேரம் கிடையாது. நிறுத்துகிற சாமானுக்கு மட்டும் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்வார். நியாயம்தான், வண்டி நின்றால் வாடகை வராதே.

சிலர் செராமிக் கேட்பார்கள். சத்தம் குறைவு, வீலில் கரி அவ்வளவாகப் படியாது. செங்கல் ஏற்றுகிற வண்டிக்கு வீல் பளபளப்பு முக்கியமல்லவா! பாரம் சுமக்கும் வண்டிக்குப் பொருந்துவது செமி மெட்டாலிக். உலோகத் தூள் கலந்தது, சூட்டைத் தாங்கும். கொஞ்சம் கத்தும், டிஸ்க்கையும் கொஞ்சம் தின்னும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பலாப்பழ லோடோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், மலிவுப் பேடு சூடேறிப் பிடியை விட்டுவிடும். அப்புறம் அந்த ஏர் ஹாரன்தான் பிரேக்.

பேடு தேய்ந்ததும் கிறீச்சிட்டு எச்சரிக்கவென்றே பல பேடுகளில் சின்னத் தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அது கத்தத் தொடங்கியதும் நம் ஓட்டுநர் செய்யும் முதல் வேலை, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது.

எப்படியோ முன்சக்கரத்துக்குப் பேடு மாட்டியாகிவிட்டது. "பின்னாடி டிரம்முல ஷூவும் தேஞ்சிருக்குண்ணே" என்கிறார் மெக்கானிக்.

"அது பின்னாடிதானே? பின்னாடி பாத்துக்கலாம்."