இச்சுக்கும் எள்ளுருண்டையும்

புணே மாநகராட்சித் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டுக் கட்சிச் சீட்டுக்குக் காத்திருப்பவரை மராத்தியர் ‘இச்சுக்’ என்பர். இச்சை உடையவர் என்பதே பொருளாயினும், அச்சொல்லில் முத்த ஒலியைக் கேட்கும் தமிழ்ச் செவியின் பிழையும், அவர் அயலார் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சும் வேகத்தைக் காணும்போது பிழையாகத் தோன்றுவதில்லை. 2017 பிப்ரவரி 21இல் நடந்த தேர்தலுக்குப் பின், மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்து, நிர்வாக அதிகாரியின் கைக்கு மாநகராட்சி போய், அடுத்த வாக்குப்பதிவு 2026 ஜனவரி 15இல்தான் வந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இச்சையை அடக்குவது முனிவர்க்கே அரிது. ஆகவே தஹிஹண்டி எனும் உறியடியிலும், கணேசோத்ஸவப் பந்தலிலும், ‘பஹாட்’ எனப்படும் தீபாவளி விடியற்காலைக் கச்சேரியிலும் அவர் கூப்பிய கையுடன் பதாகையில் நின்றார்; பாடகர் படம் அவருடைய காதருகே ஓர் ஓரத்தில் இருக்கும்.

இத்தகைய விழாக்களுள் நுட்பமானது ஹல்தி-குங்கு. சங்கராந்தி முதல் ரத சப்தமி வரை பெண்கள் ஒருவரையொருவர் அழைத்து மஞ்சள் குங்குமம் இட்டு, ‘திள்கூள்’ என்னும் எள்ளுருண்டையையும், நம் கொலுவில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் கிண்ணத்துக்கு நிகரான ‘வாண்’ என்ற சிறு பொருளையும் தருவது வழக்கம். இனிப்பை உண்டவர் இனிமையாகப் பேச வேண்டும் என்பது மரபு. எள்ளுருண்டை வாயில் இருக்கும்வரை எந்தப் பெண்மணியும் குடிதண்ணீர் வரும் நேரத்தைப் பற்றிக் கேட்க முடியாது என்பதை அரசியல் அறிந்தோர் கண்டுகொண்டனர். அவர்கள் நடத்தும் ஹல்தி-குங்குவில், விளையாட்டில் வென்றவருக்குப் பைத்தானிப் பட்டுச் சேலை என்றிருந்தது வளர்ந்து, இம்முறை குலுக்கலில் கார், தாய்லாந்துப் பயணம், நிலம் என்றெல்லாம் வாக்குறுதிகள் கிளம்பியதாக நாளிதழ்கள் எழுதியபோது, பாவம், வாண் கிண்ணம் கூச்சப்பட்டிருக்கும்.

ஆனால் இந்தச் சந்திப்புகளில் தேர்ந்தவர் வாக்காளரே. 165 இடங்கள் 41 ‘பிரபாக்’குகளாக, அதாவது வட்டங்களாக, பிரிக்கப்பட்டு, ஒன்றைத் தவிர ஏனைய ஒவ்வொன்றிலும் நால்வர் தேர்ந்தெடுக்கப்படுவதால், ஒருவருக்கு நான்கு வாக்குகள் உண்டு; தமிழில் வாக்கு என்பது ஓட்டையும் குறிக்கும், கொடுத்த சொல்லையும் குறிக்கும். ஆகவே வாசலுக்கு வந்த நால்வரிடமும் “என் ஓட்டு உங்களுக்குத்தான்” என்று சொன்னவர் பொய்யரல்லர். ஐந்தாமவர் வந்த பிறகே சிக்கல் தொடங்குகிறது, அவருக்கும் தேநீர் உண்டு.

வாக்குப்பதிவு தைப்பொங்கலன்றே அமைந்ததால், புணேத் தமிழ்க் குடும்பங்களில் பால் முதலில் பொங்குவதா, விரலில் மை முதலில் விழுவதா என்பது தனி ஆய்வுக்குரியது. முடிவு மறுநாளே வந்துவிட்டது; ரத சப்தமியோ ஜனவரி 25. இடைப்பட்ட அந்நாள்களில் எள்ளுருண்டையோடு கதவைத் தட்டியவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்திருப்பார்.